சோக்செர்ரிப் பள்ளத்துப் பொன் கரடி

ஆர்டிஸ் ஹவ்லாண்ட் இருபத்தாறு வருஷமாக எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறாள். மொன்டானாவில் சமவெளி முடிந்து மலை சட்டென்று எழும்பும் இடத்தில் முன்னூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற ஊர் இது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகும், மாலையில் வீடு சேர்த்த பிறகும் அவளுக்கு மிஞ்சுகிற நேரமெல்லாம் கேமராவுக்குத்தான். மான், நரி, கழுகு, கரடி. வருஷக் கடைசியில் ஒரு காலண்டர் போடுவாள். மளிகைக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் தொங்கும். கணவன் போய் ஒன்பது வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. ஊரின் வாரப் பத்திரிகையை நடத்துகிறவன் நான். பக்கம் நிரம்பாத வாரங்களில் அவளுடைய படங்கள்தான் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கின்றன.

படம் எடுப்பதில் அவள் மகா கறார். உச்சி வெயிலில் கேமராவைத் தொடமாட்டாள். அன்றன்றைக்கு எடுத்ததை அன்றன்றைக்கே உட்கார்ந்து அழிப்பாள். "மிருகத்தோட கண்ணு துல்லியமா இல்லன்னா அது படமில்ல ஹோவர்ட், வெறும் தோலு" என்பாள் என்னிடம். நூறு எடுத்தால் தொண்ணூற்றெட்டு போய்விடும்.

மங்கலை அழிக்கும் அந்தக் கட்டுப்பாட்டை அவள் ஒரே ஒரு தடவை மீறினாள்.

போன செப்டம்பர் முதல் வாரம். மேற்கே காடு எரிந்துகொண்டிருந்தது, புகை மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து தேங்கியிருந்தது. மாலையில் சோக்செர்ரி என்ற காட்டுப் பழப் புதர்கள் மண்டிய பள்ளத்தில் ஆர்டிஸ் காத்திருந்தபோது ஒரு பெரிய கிரிஸ்லி கரடி புதரை விட்டு வெளியே வந்தது. நிழலில் நிற்கும்போது கரும்பழுப்பு. நாலு எட்டு வைத்து மேட்டில் ஏறியதும் புகைக்குள்ளிருந்து கிடையாக வந்த சூரிய வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. தோளெல்லாம் பொன்னாக எரிந்தது. ஆர்டிஸ் பட்டனை அமுக்கினாள்.

வீட்டில் திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கேமராவின் ஃபோகஸ் கரடியைப் பிடிக்கவில்லை, அதற்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கிளையைப் பிடித்திருந்தது. இலைகள் ஊசிமுனைபோலத் துல்லியம். கரடியின் முகம் மெல்லிய மங்கல். நிழலில் எடுத்த மூன்று படங்களையும் வழக்கம்போல அழித்தாள். நாலாவதை அழிக்கக் கை வரவில்லை. அந்த நிறம் விடவில்லை. போதாததற்கு மஞ்சளை இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். "காலண்டருக்கு அட்டைப்படம் கெடச்சாச்சு" என்று எனக்கு அனுப்பினாள். நான் 'பொன் கரடி' என்று தலைப்புக் கொடுத்து முதல் பக்கத்தில் முக்கால் பக்கம் போட்டேன். அந்த இதழ் ஒரு பிரதி மிச்சமில்லாமல் விற்றது.

பதினோரு நாள் கழித்து அதே பள்ளத்தின் ஓரத்தில், தேன் பெட்டிகளைப் பார்க்கப் போன வெண்டல் டோமனைக் கரடி அடித்துப் போட்டது. விடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இடது கன்னமும் கண்ணும் போயின. எப்படியோ வண்டிவரை தவழ்ந்து வந்து ஹாரனில் நெற்றியை வைத்து அமுக்கியபடி கிடந்தான். அன்று மதியம் கொட்டிய ஆலங்கட்டி மழையில் அங்கே கிடந்திருக்கக்கூடிய முடி, எச்சில் எல்லாம் அடித்துக்கொண்டு போயிற்று. அவன் போட்டிருந்த சட்டையை மருத்துவமனையில் கத்தரித்துக் குப்பையில் எறிந்துவிட்டார்கள். ஆக, எந்தக் கரடி என்று சொல்ல மிஞ்சியது வெண்டலின் வாய் வார்த்தை மட்டும்தான். நாலாம் நாள் மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்னான்: "பேப்பர்ல வந்துச்சே, அதே பொன் கரடி."

வனவிலங்கு அதிகாரி கர்ட் கோஸ்டெலிக் பள்ளத்தில் குழாய்க் கூண்டு வைத்தார். சக்கரம் வைத்த பெரிய இரும்புக் குழாய். உள்ளே இறைச்சியை இழுத்தால் கதவு விழும். செவ்வாய்க்கிழமை காலை ஒரு பெண் கரடி விழுந்தது. இளமஞ்சள் தோள். இடது காதின் நுனி கிழிந்திருந்தது. என் பத்திரிகையை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். படத்திலும் இடது காதில் ஒரு வெட்டு. போதாதா? சனிக்கிழமை மதியம் ஊசி போட்டு முடித்துவிடுவது என்று மேலிடம் முடிவெடுத்தது. கூடவே பிடிபட்ட அதன் குட்டி பக்கத்துக் கூண்டில் இருந்தது. அதற்கு ஏதாவது மிருகக்காட்சிசாலையில் இடம் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் அதற்கும் ஊசிதான்.

செய்தி கேட்டதும் ஆர்டிஸ் கூண்டு நிறுத்தியிருந்த கொட்டகைக்கு ஓடினாள். நானும் போனேன். டியூப்லைட் வெளிச்சத்தில் கரடி சாம்பல் நிறத்தில் கிடந்தது. கம்பியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். குட்டி மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

ஆர்டிஸ் ஒரு நிமிஷம்தான் பார்த்தாள். "இது இல்ல" என்றாள். "நான் எடுத்தது ஆண் கரடி, கர்ட். இதவிட ஒண்ணரை மடங்கு பெருசு. கரும்பழுப்பு."

கர்ட்டுக்கு முப்பத்தைந்து வயது. எட்டு வருஷம் அவளுடைய பேருந்தில் போய்ப் படித்தவர். அதனால் அவளிடம் குரல் உயர்த்த மாட்டார். "மிஸஸ் ஹவ்லாண்ட், உங்க படத்துல மஞ்சளா இருக்கே."

"அது வெளிச்சம்பா. புகை வழியா வந்த சாயங்கால வெளிச்சம். பத்தாததுக்கு நான் வேற கொஞ்சம் மஞ்சள் ஏத்தினேன்."

"காது?"

"காது கிழியல. முன்னாடி இருந்த இலை அது மேல வந்து விழுந்திருக்கு. கரடி மங்கல், இலை துல்லியம். பேப்பர்ல புள்ளி புள்ளியா அச்சானப்போ ரெண்டும் ஒண்ணாயிடுச்சு."

"நிழல்ல எடுத்தது இருக்குமே, காட்டுங்க."

அவற்றை அன்றிரவே அழித்துவிட்டாள். அந்த மெமரி கார்டில் அதற்குப் பிறகு மூன்று தடவை மான் படம் எடுத்து நிரப்பியாகிவிட்டது.

புதன்கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கர்ட்டின் அலுவலகத்துக்குப் போனாள். மூலப் படத்தைத் திறந்து மஞ்சளைக் குறைத்துக் காட்டினாள். கரடி மெல்ல மெல்லப் பழுப்பானது. கர்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் சொன்னதை அவள் அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்:

"கோவிச்சுக்காதீங்க மிஸஸ் ஹவ்லாண்ட். மூணு வாரம் முன்னாடி நீங்களே பொன்னாக்கினீங்க. இன்னிக்கு நீங்களே பழுப்பாக்குறீங்க. நாளைக்குப் பச்சையாக்கச் சொன்னாலும் ஆக்குவீங்க. நான் எத நம்புறது?"

அன்று மாலை பேருந்தைத் தப்பான வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, யாருமே இறங்கவில்லையே என்று காத்துக்கொண்டிருந்தாளாம். பின்னாலிருந்து ஒரு பையன், "கரடி எறங்கணும்னு பாக்குறாங்கடா" என்றானாம். பேருந்து முழுக்கச் சிரிப்பு.

வியாழக்கிழமை வெண்டலைப் பார்க்கக் கிளம்பினாள். மருத்துவமனை நூறு மைல். நானே வண்டியை ஓட்டினேன். வழி முழுக்க ஒரே பேச்சு: "ஒரு படம், ஹோவர்ட். அழிச்சிருக்க வேண்டிய ஒரே ஒரு படம்." அதை முக்கால் பக்கத்துக்குப் பெரிதாக்கியவன் நான்தானே.

வெண்டலின் தலையில் பாதி கட்டுக்குள் இருந்தது. அவன் மனைவி ஜனெல் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். ஆர்டிஸ் குனிந்து கேட்டாள்: "வெண்டல், கரடி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?"

"பெட்டிக்கு அந்தாண்ட. கெழக்க."

"அப்ப சூரியன் அதுக்குப் பின்னால இருந்திருக்குமே?"

"ஆமா. கண்ணு கூசிச்சு. கறுப்பா ஒண்ணு வந்துச்சு. செவரு மாதிரி."

"கறுப்பாவா?"

அவன் மிச்சமிருந்த கண்ணை மூடினான். "கர்ட் வந்து என்ன நெறம்னு கேட்டான். கண்ண மூடினா உன் படம்தான் வருது, ஆர்டிஸ். ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருந்தோம். தெனம் காலைல காபிக்குப் பால் எடுக்கறப்போ பாத்தது. நான் பாத்தது அதுவா, இதுவான்னு இப்ப எனக்கே வெளங்கல."

"இத கர்ட் கிட்ட சொல்லுவியா?"

ஜனெல் எழுந்தாள். "போதும். வெளிய போ."

"ஜனெல், அது வேற கரடின்னா—"

"என் புருஷனுக்குப் பாதி மூஞ்சி இல்ல. பாலைக் குழாய் வெச்சு ஊத்துறேன். ஒரு ஆறுதல் சொல்லக்கூட உனக்கு வாய் வரல, கரடிக்கு வக்காலத்து வாங்க நூறு மைல் வந்திருக்க. எந்தக் கரடியா இருந்தா எனக்கென்ன? எல்லாத்தையும் கொல்லட்டும். வெளிய போடி!"

நடைபாதையில் ஆர்டிஸ் நின்றுவிட்டாள். "அவ சொல்றது சரிதான், ஹோவர்ட். எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்த நான் கேக்கல." திரும்பி உள்ளே போகவும் முடியவில்லை. கீழே வந்து வண்டியில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது வருஷத்துக்கு முன் அவள் கணவனைப் புதைத்த அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில், ஊர் எல்லை தெரியும்போது, திடீரென்று கேட்டாள்: "லைலோட குதிர என்ன நெறம்?"

லைல் அவள் தம்பி. அவனுடைய குதிரை டியூக் நல்ல கரும்பழுப்பு; நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளைகூடக் கிடையாது. அந்தக் குதிரையைக் கரடி நின்ற அதே மேட்டில், அதே நேரத்தில் நிறுத்த வேண்டும். கர்ட் அங்கே வர வேண்டும். படத்தைக் கர்ட்டே எடுக்க வேண்டும். அப்போது யாரும் அவளை எதுவும் சொல்ல முடியாது. அவள் யோசனை அவ்வளவுதான்.

"ஆள அடிச்ச எடத்துல என் குதிரையக் கட்டணுமா?" என்று லைல் குதித்தான். "உனக்கு மூள கழண்டுபோச்சுக்கா. கரடி வந்தா நான் ஓடுறதா, டியூக்க அவுக்கிறதா?"

"நீ என்னிக்குடா ஓடியிருக்க? நடக்கறதுக்கே மூச்சு வாங்கும். டியூக் உன்னத் தூக்கிட்டு ஓடட்டும்."

கர்ட் சுலபமாக மசியவில்லை. ஒரு மணி நேரம் கெஞ்சிய பிறகு, "வரேன். வெள்ளிக்கிழம சாயங்காலம் வரைக்கும்தான். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

குதிரைக்கும் கர்ட்டுக்கும் வழி பண்ணியாயிற்று. வானத்துக்கு என்ன பண்ணுவது? வியாழன் மாலை மேகம் மூடிக் கிடந்தது. ஒரு மணி நேரம் நின்றோம். குதிரை கரும்பழுப்பாகவே இருந்தது. "குதிர மாதிரிதான் இருக்கு" என்றார் கர்ட், கேலியில்லாமல்.

வெள்ளிக்கிழமையும் விடிந்ததிலிருந்து ஒரே சாம்பல். ஆர்டிஸ் காலைப் பேருந்தை முடித்துவிட்டு நேரே பள்ளத்துக்குப் போய்விட்டாள். மதியம் நான் ரொட்டி கொண்டுபோனபோது அவள் தரையில் உட்கார்ந்து மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டியைத் தொடவில்லை. மாலைப் பேருந்துக்கு வேறு ஆளைப் போட்டிருந்தாள். இருபத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. ஐந்தரை மணிக்கு லைல் குதிரையோடு வந்தான், பின்னாலேயே கர்ட். ஆறு மணி. ஆறரை. மலை விளிம்புக்கும் மேகத்துக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. சூரியன் அதற்குள் இறங்குமா, இறங்காமலே போய்விடுமா என்று சொல்ல முடியவில்லை.

"மிஸஸ் ஹவ்லாண்ட், நான் ஏழு மணிக்குக் கெளம்பணும்" என்றார் கர்ட்.

ஆர்டிஸ் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டு வருஷம் உனக்காக அஞ்சு அஞ்சு நிமிஷம் பஸ்ஸ நிறுத்தியிருக்கேன் கர்ட். ஷூவக் கையில தூக்கிட்டு ஓடி வருவ. ஒரு நாளாவது உன்ன விட்டுட்டுப் போயிருக்கேனா?"

கர்ட் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

ஏழு அடிக்க எட்டு நிமிஷம் இருக்கும்போது வெளிச்சம் வந்தது. மேகத்தின் அடியிலிருந்து, இன்னும் அடங்காத காட்டுத்தீயின் புகைக்குள்ளிருந்து, ஆரஞ்சுப் பட்டையாகப் பள்ளத்தின் குறுக்கே பாய்ந்தது. "லைல், ஏத்துடா மேட்டுல!" என்று ஆர்டிஸ் கத்தினாள். டியூக் நாலு எட்டு வைத்தது. அதன் தோளும் கழுத்தும் எங்கள் கண்ணெதிரில் பொன்னாக மாறின. லைல்கூட வாயைப் பிளந்துகொண்டு தன் குதிரையைப் பார்த்தான்.

"நீயே அமுக்கு. நான் தொட மாட்டேன்" என்று கேமராவைக் கர்ட்டின் கையில் திணித்தாள். "மொதல்ல ஃபோகஸ குதிரக் கண்ணுல வெச்சு எடு. சரி. இப்ப அந்தக் கெளையில வெச்சு எடு. கொஞ்சம் எடப்பக்கம் நகரு, இல காதுக்கு நேரா வரணும். எடு. இன்னும் ஒண்ணு."

நாலு நிமிஷம். மறுபடி எல்லாம் சாம்பல்.

கர்ட் அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தார். கண்ணில் வைத்து எடுத்ததில் ஒரு குதிரை, முழுக் காதோடு, பொன்னிறத்தில். கிளையில் வைத்து எடுத்ததில் மங்கலான ஒரு மஞ்சள் மிருகம். இடது காதில் ஒரு துண்டு இல்லை. பிறகு தலையை நிமிர்த்தி, மேட்டில் நின்ற கரும்பழுப்புக் குதிரையைப் பார்த்தார். "அடக் கடவுளே" என்றார், மெதுவாக.

அங்கிருந்தே மேலதிகாரிக்குப் போன் போட்டார். அந்தம்மா பேசியது எங்களுக்கும் கேட்டது. "குதிர படத்தக் காட்டிக் கரடிய விடச் சொல்றீங்களா, கர்ட்? படம் எப்படி வேணா இருக்கட்டும். அடிபட்டவர் சொன்னது அப்படியேதான இருக்கு? நாளைக்குப் பன்னெண்டு மணி."

கர்ட் போனைப் பையில் போட்டார். லைல் குதிரையை வண்டியில் ஏற்றினான். ஆர்டிஸ் கேமராவை வாங்கிக்கொள்ள மறந்து நடந்து போனாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கொட்டகைக்குப் போனபோது அவள் ஏற்கெனவே வெளியே நின்றிருந்தாள். உள்ளே விடவில்லை. குட்டி கத்துவதை நிறுத்தியிருந்தது. அது கத்திக்கொண்டிருந்ததே தேவலை என்று தோன்றியது. கால்நடை மருத்துவரின் வண்டி பத்து மணிக்கு வந்தது. ஆர்டிஸ் அந்த வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். மருத்துவர் இறங்கி நடந்தே உள்ளே போய்விட்டார்.

பத்தே முக்காலுக்குக் கர்ட்டின் போன் அடித்தது. வெண்டல். ஜனெல் காபி குடிக்கப் போன நேரம் பார்த்து ஒரு நர்ஸை நம்பர் போடச் சொல்லியிருக்கிறான். "எழுதிக்க கர்ட். நான் நெறம் பாக்கல. காது பாக்கல. சூரியன் கண்ணுல அடிச்சுது. கறுப்பா ஒரு கரடி, அவ்வளவுதான். ஃபிரிட்ஜ் மேல இருந்த கரடியத்தான் நான் சொல்லியிருக்கேன்." கர்ட் அதை எழுதி, ஒரு தடவை படித்துக் காட்டி, மேலதிகாரிக்குச் சொன்னார். அந்தம்மா யோசிக்க அரை மணி நேரம் கேட்டார். அந்த அரை மணி நேரத்தில் ஆர்டிஸ் கொட்டகைச் சுவரோரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

பதினொன்றரைக்கு உத்தரவு வந்தது. விட்டுவிடலாம்.

மறுநாள் எழுபது மைல் வடக்கே கொண்டுபோய்த் திறந்துவிட்டார்கள். உச்சி வெயில். ஆர்டிஸ் படம் எடுத்தாள். தாய் ஒரு பக்கம் நொண்டியபடி ஓடியது, குட்டி பின்னால். வெளிறிய புல், வெளிறிய கரடி, நிழலே இல்லை. அதை முதல் பக்கத்தில் போட்டு, கீழே ஒரு திருத்தமும் போட்டேன்: 'சில வாரங்களுக்கு முன் முதல் பக்கத்தில் பொன்னிறமாக வந்த கரடி கரும்பழுப்பு நிறமுடையது. தவறு எங்களுடையது.' அந்த வாரம் பாதிப் பிரதி திரும்பி வந்தது. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை அவளுடைய பேருந்தில் அனுப்புவதை நிறுத்தின. அந்த வருஷம் அவள் காலண்டர் போடவில்லை.

அக்டோபரில், வெண்டலின் தேன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கர்ட் கட்டிவைத்திருந்த தானியங்கிக் கேமராவில் ஒரு பெரிய கரும்பழுப்பு ஆண் கரடி பதிவானது. காது இரண்டும் முழுசு. "பாத்தீங்களா, இவன்தான்" என்றார் கர்ட். ஆர்டிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. "அங்க ஒரு கரடி வந்திருக்கு. இந்தப் படத்த வெச்சு அவ்வளவுதான் சொல்ல முடியும்." ஒருவேளை வெண்டலை அடித்தது அந்தத் தாயாகவே இருந்திருந்தால்? இதை அவள் என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறாள்.

நவம்பரில் ஒரு காலை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஆர்டிஸ் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். ஜனெல் காரை நிறுத்திவிட்டு நேரே பேருந்துக் கதவுக்கு வந்தாள்.

"டாக்டர் மாசா மாசம் மூஞ்சியப் படம் எடுத்து அனுப்பச் சொல்றாரு. தையலு, தோலு நெறம், எல்லாம் தெரியணுமாம். நான் போன்ல எடுத்தா ஒரு தடவ செவப்பா வருது, ஒரு தடவ நீலமா வருது. அடுத்து எங்க அறுக்கறதுன்னு அதப் பாத்துதான் முடிவு பண்ணுவாராம்."

ஆர்டிஸ் இன்ஜினை அணைத்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத" என்றாள் ஜனெல். "இருக்கறத இருக்கற மாதிரி எடுத்துக் குடு. ஒண்ணும் ஏத்தாத, எறக்காத."

"வீட்டுல வடக்கப் பாத்து ஜன்னல் இருக்கா? அந்த வெளிச்சம்தான் நெறத்த மாத்தாது."

"சமையலறையில இருக்கு."

"பத்து மணிக்கு வரேன். வெண்டல் எப்படி இருக்கான், ஜனெல்?"

"வந்து பாரு" என்றாள் ஜனெல். காருக்குப் போய்விட்டாள்.